சின்ன சைஸ்

எதிர்வாடை நர்சம்மாவைக் கண்டாலே தச்சருக்கு வயிறு எரியும். காலையில் அவள் கதவைத் திறந்ததும் கைக்குழந்தைகளோடு தெருமுனை வரை வரிசை நிற்கும். இவரோ பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்.

அன்று படிவமும் கையுமாக ஓர் இளம்பெண் படியேறினாள்.

"குழந்தைங்க தடுப்பூசித் திட்டத்தால யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்னு கேட்டு எழுதுறோம்ங்க."

"நஷ்டம் எனக்குத்தான்! முன்னெல்லாம் சின்ன சைஸ் பெட்டி செஞ்சு மாளாது. அந்தம்மா ஊசியோட வந்து உக்காந்ததும் என் பொழப்புல மண்ணு விழுந்துச்சு. ஆறு வருஷமா சின்னது ஒண்ணுகூட போகலை. அவளுக்கு மட்டும் கூட்டம் அள்ளுது!"

"ஊசிக்கும் பெட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?"

தச்சர் மூலையில் கிடந்த சாக்கை இழுத்தார். அடியில் மூன்று சவப்பெட்டிகள். எதுவும் இரண்டடிக்கு மேல் இல்லை.



"அப்பா, நம்ம டோக்கனைக் கூப்பிடுறாங்க!" எதிர்வாடை வரிசையிலிருந்து மகள் கத்தினாள்.

தச்சர் தொட்டிலில் கிடந்த பேத்தியை வாரித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மூணு பெட்டி நஷ்டம்னு எழுதிக்குங்கம்மா. நான் ஓடுறேன், எங்க முறையை வேற எவனாவது தட்டிட்டுப் போயிடப் போறான்!"