பூஜ்யம் காட்டிய இரைச்சல்

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா பெருமையாகச் சொன்னார்: “எங்க வீட்டுல சண்டை சத்தமே கிடையாது. மூத்த மருமக வந்து நாலு வருசமாச்சு. ஒரு நாளும் முட்டிக்கிட்டதில்ல.”

கவிப்ரியாவின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கவிப்ரியாவுக்கோ காலையில் பார்த்த ஆபீஸ் வேலை நினைவுக்கு வந்தது. அவள் வரைந்த சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோது, ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் பூஜ்யம் என்று காட்டியது. எந்த ஆம்ப்ளிஃபயரும் கொஞ்சமாவது இரையுமே! சந்தேகப்பட்டுத் தேடினால், ஆம்ப்ளிஃபயரைச் சர்க்யூட்டில் இணைக்கவே மறந்திருந்தாள்.

காபியை நீட்டியபடி கேட்டாள்: “உங்க மூத்த மருமகளக் கூட்டிட்டு வரலையா அத்தை?”

“அவ உத்தரகோசமங்கையில, அவுக அம்மா வீட்டுல இருக்கா.”

“எப்ப போனாங்க?”

மாப்பிள்ளையின் அம்மா காபியை வாங்கி ஆற்றத் தொடங்கினார். மாப்பிள்ளைதான் மெல்லச் சொன்னான்:

“மதினி கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போனவுகதான்... இன்னும் வரல.”