ஏட்டையா சாகவில்லை

இருபது முகப் பகடை உருண்டு, காலி காபி டம்ளரில் இடித்து நின்றது.

மூன்று.

குறைந்தது பதினைந்தாவது விழுந்திருக்க வேண்டும். ஏட்டு சங்கிலிப்பாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார். அரக்கன் கோட்டைக்குப் போகும் தொங்குபாலத்துக் கயிறு அறுந்துவிட்டது. கீழே முப்பது பனை ஆழம். தளபதி வீரமார்த்தாண்டன், அதாவது ஏட்டையாதான், பாறையில் விழுந்து சிதற வேண்டியதுதான் பாக்கி.

ருக்மிணி டீச்சர் மடக்கி நிறுத்திய வருகைப் பதிவேட்டுக்குப் பின்னால் எதையோ புரட்டினார். எதையோ பார்த்தார்.

"விழுந்துட்டேள். ஆனா உயிர் இருக்கு, ஏட்டையா."

வேறு யாராயிருந்தாலும் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பார்கள். இவர் போலீஸில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். மூக்கில் வேர்த்துவிட்டது.

டீச்சரின் தம்பி அமெரிக்காவிலிருந்து அனுப்பிய விளையாட்டு இது. காய் கிடையாது, கட்டம் கிடையாது. டீச்சர் கதை சொல்வார். நல்ல இடத்தில் நிறுத்தி, "இப்ப என்ன செய்யறேள்?" என்று கேட்பார். செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடை போட வேண்டும். விழுந்த எண்தான் தலையெழுத்து.

குற்றாலத்தில் சீசன் முடிந்து, அருவிக்கரை பந்தோபஸ்துத் தொல்லை விட்டதும் ஆரம்பித்தது. ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு, ஏட்டையாவும் மனைவி வள்ளித்தாயும் இலஞ்சியில் பக்கத்து வீட்டு டீச்சர் கூடத்தில் ஆஜர்.

வள்ளித்தாய் ஆடுவது சும்மா பேருக்கு. தளபதிக்கு அவள் சமையல்காரி. டீச்சர் எப்போது கேட்டாலும், "அவிய என்ன செய்யுதாவளோ அதான்" என்பாள். பாதி ஆட்டத்தில் எழுந்து டீச்சரோடு காபி போட உள்ளே போய்விடுவாள்.

தளபதியோ ஆறு வாரமாகக் கொடிகட்டிப் பறந்தான். கொள்ளையனைப் பிடித்தால்கூட எஃப்.ஐ.ஆர். எழுதிவிட்டுத்தான் அடிப்பான். விஷம் வைத்த பாயசத்தைக் குடித்தும் சாகவில்லை. படுகுழியில் விழுந்தால், பையில் எப்போதோ போட்ட கயிறு இருந்தது. காவல் நாய்கள் அவன் போன அன்றைக்கென்று பார்த்துத் தூங்கின.

ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிள் பாக்கியில்லாமல் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை கேட்டவர்களும் உண்டு.

அத்தனையும் டீச்சர் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்ததா? நினைக்கவே ஏட்டையாவுக்கு உடம்பு கூசியது. நாளைக்கு எந்த முகத்தோடு மீசையை முறுக்குவது?

"டீச்சர், அந்த ரிஜிஸ்டரை எடுங்க. மறைச்சு வச்சு என்ன புரட்டுதீங்க? செத்தா செத்துட்டுப் போறேன், எனக்காகப் பொய் சொல்லாண்டாம்."

ஸ்டேஷன் குரலாகவே வந்துவிட்டது. பக்கத்தில் வள்ளித்தாய் வறுத்த கடலையின் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்கும் சுருக்கென்றது. கணக்கு டீச்சர் அல்லவா?

"உங்களுக்காக நான் ஒரு எண்ணைக்கூட மாத்தலை. ஆடறவா ரகசியமா எழுதிக் குடுத்துட்டும் ஆடலாம்னு சட்டத்திலேயே இருக்கு. இந்தாங்கோ, சாட்சி."

பதிவேடு விலகியது. பின்னால் ஊக்கில் கோத்த காலண்டர் தாள்கள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தாள்கள்.

ஏட்டையா திருப்பிப் பார்த்தார். பென்சில் எழுத்து. மாதாமாதம் மளிகைச் சிட்டையில் பார்க்கிற கோணல் எழுத்து.

'பாயசக் கிண்ணத்தை மாத்தி வைக்கேன்.' அதற்குக் கீழே டீச்சரின் சிவப்பு மையில்: பதினாலு.

'அவிய பையில கயித்தைச் சொருகுதேன்.' பதினெட்டு.

'நாயளுக்குக் கருவாடு போட்டுத் தூங்கப் பண்ணுதேன்.' நாலு. நாய் கடித்தது. மறுபடியும் 'போடுதேன்.' பதினாறு.

காபி வடிகிற நேரத்தில், அடுப்படி மேடையில் வைத்து உருட்டியிருக்கிறாள்.

அடுத்த தாளில் இன்றைய தேதி. 'பாலத்துக்கு அடியில மீன் வலையைக் கட்டுதேன்.' பத்தொன்பது.

ஏட்டையாவுக்கு முதலில் காது சுட்டது. எத்தனை களவாணிகளைப் பார்த்தவர்! ஒருத்தனாவது இப்படி மூக்குக்கு நேரே தொழில் பண்ணியிருப்பானா? பிறகு, நாய் கடித்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே என்று தோன்றியதும், சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பெருமையாகவும் இருந்தது.

"ஏட்டி, நீயா? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னா உங்களுக்கு ஆட்டம் ருசிக்காதுல்லா" என்றாள் வள்ளித்தாய், ஒரு கடலையை வாயில் போட்டபடி.

போன தெம்பெல்லாம் ஏட்டையாவுக்குத் திரும்பிவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டு பகடையை எடுத்தார். தளபதி வலையிலிருந்து எழுந்து, பாறையைப் பிடித்து ஏறி, நேரே கோட்டைக்குள் புகுந்து அரக்கனை விலங்கு மாட்டி இழுத்து வரப் போகிறான் என்று அறிவித்தார்.

டீச்சர் அவர் கையைத் தடுத்தார். "கொஞ்சம் பொறுங்கோ. இன்னும் ஒண்ணு இருக்கு."

ஊக்கில் கடைசித் தாள். அதிலும் இன்றைய தேதிதான்; இது டீச்சர் வீட்டுக் காலண்டரில் கிழித்தது.

ஏட்டையா ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

'அவிய வலையில விழுந்தா அங்கனயே கெடக்கட்டும். கோட்டைக்கு நான் ஒத்தையில போறேன்.'

கீழே, சிவப்பு மையில்: இருபது.