ஸ்டிக்கர் ஒட்டிய கார்

பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனை முடிந்து, காரின் கண்ணாடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கருக்கு ஒரே பெருமை.

அதன்பிறகுதான் ஓட்டுநர் தயாளன் முன்சக்கரத்தைக் கழற்றி வேறு சக்கரம் மாட்டினான். நட்டுகளைக் கையால் திருகிக்கொண்டிருந்தவனை யாரோ போட்டோவுக்குக் கூப்பிட, எழுந்து போய்விட்டான்.

"அண்ணே, எங்களை இன்னும் ஸ்பானர் போட்டு டைட் பண்ணலை," என்றது ஒரு நட்டு.

"அதான் நான் இருக்கேன்ல. பேசாம இரு," என்றது ஸ்டிக்கர்.

திரும்பி வந்த தயாளன் ஸ்டிக்கரைப் பார்த்தான். நிம்மதியாக ஏறி உட்கார்ந்தான்.

முதல் வளைவிலேயே சக்கரம் கழன்று காரை முந்திக்கொண்டு ஓடியது. மணல்மேட்டில் முட்டி நின்ற காரிலிருந்து தயாளன் நொண்டிக்கொண்டே இறங்கினான்.

மணலில் வந்து விழுந்த நட்டிடம் ஸ்டிக்கர் சொன்னது: "பாத்தியா, நான் ஒரு மூலைகூட உரியலை."