கையைப் பிடித்து ஒரு ஜெபம்

“ஸ்தோத்திரம்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க சார், அப்புறம் உங்களுக்கே தெரியும்” என்றார் மூப்பர்.

ஆலோசகர் சொல்லிப் பார்த்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மூப்பரின் மனைவிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அவள் இடது கை தானாகவே கைப்பைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

“பார்த்தீங்கல்ல? ஆறு மாசமா இதே கூத்து. குடும்ப ஜெபம் நடக்கும்போது முனகுறா. போன வாரம் அலறியே விட்டா. சபையில மூப்பர்னு எனக்கு ஒரு மரியாதை இருக்கு சார். என் வீட்டுக்குள்ளயே அசுத்த ஆவி குடியிருக்குன்னா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊருக்கு ஜெபம் பண்றது?”

எதிரில் இருப்பது ஒருவர்தான் என்றாலும், நானூறு பேர் உட்கார்ந்திருப்பதுபோல்தான் மூப்பர் பேசுவார்.

ஆலோசகரின் தலைக்குப் பின்னால் இரண்டு சான்றிதழ்கள் தொங்கின. ஒன்று உளவியல், இன்னொன்று இறையியல். இரண்டும் கலந்ததுதான் தன் சிகிச்சை என்று வாசல் பலகையிலேயே போட்டிருந்தார். இப்போது உளவியல் படித்த பாதிக்கு இது ஏதோ அச்ச நோய் என்று தோன்றியது. இறையியல் படித்த பாதிக்கு அச்சமாகவே இருந்தது.

படிவத்தைப் பார்த்தார். ‘ஆலோசனையில் ஜெபம் வேண்டுமா?’ என்ற கேள்விக்கு அவள் ‘வேண்டாம்’ என்று குறியிட்டிருந்தாள். அதை அடித்துவிட்டு, தடித்த பேனாவால் ‘வேண்டும்’ என்று மாற்றியிருந்தார் மூப்பர். வருகிறவர் கேட்காமல் ஜெபம் இல்லை என்பது ஆலோசகர் வைத்திருந்த விதி. ஆனால் மூப்பரோ ஊரில் பாதிச் சபைகளுக்கு வேண்டியவர். விதி கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

“ஏம்மா, கடவுள்மேல நம்பிக்கை இல்லையா?”

“இருக்குங்க. அவர்கிட்ட எனக்குப் பயமே இல்லைங்க.”

“கேட்டீங்களா?” மூப்பர் நாற்காலியை முன்னால் இழுத்தார். “தேவ பயம் இல்லைன்னு அவ வாயாலயே சொல்றா. கல்யாண மோதிரத்தைப் பாருங்க, வலது கைக்கு மாத்திட்டா. ஏண்டின்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டா.”

“நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?”

“சொன்னா நம்புவீங்களா?”

“தினம் ஒரு கதை கட்டுவா சார். அதானே வியாதியே” என்று மூப்பர் சிரித்தார். “எனக்கு ஒரு கடுதாசி போதும். இவளுக்கு மனநிலை சரியில்லைன்னு உங்க கையெழுத்துல. அதைக் காட்டிட்டு மகளோட என் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். பிள்ளைக்கு ஏழு வயசாச்சு. இனிமே அவளைப் பக்கத்துல உக்கார வச்சு, அவ கையைப் பிடிச்சுதான் ஜெபம்.”

“வேண்டாங்க.” அதுவரை முணுமுணுத்தவளின் குரல் அறையைக் கிழித்தது. “என் கையையே பிடிச்சுக்கட்டும். என் கையைத் தவிர வேற யார் கையையும் அவர் பிடிக்கக் கூடாது.”

ஆலோசகர் குறிப்பேட்டில், ‘பெற்ற மகள்மீதே பொறாமை’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டார். இழுப்பறையிலிருந்து தன் பெயர் அச்சடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் அந்தத் தாளையே வெறித்துப் பார்த்தாள்.

“முதல்ல ஒரு சின்ன ஜெபம். அப்புறம் எழுதலாம்” என்று மேசைமேல் வலது கையை நீட்டினார் மூப்பர். கைப்பைக்கு அடியிலிருந்து இடது கையை மெல்ல எடுத்து அவரிடம் கொடுத்தாள் அவள்.

“நீங்களும் கண்ணை மூடிக்குவீங்களா சார்?” ரகசியம் கேட்பதுபோல் கேட்டாள்.

ஆலோசகர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினார். “ஜெபம்னா எல்லாரும் மூடணுமேம்மா.”

“ஆமா. எல்லாரும் மூடிக்குவாங்க.”

கதவுக்கு ஓட வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் ஓட வேண்டும். மேசைமேல் இருந்த கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, ஆலோசகர் கண்ணை மூடினார்.

மூப்பரின் குரல் தேனாக வழிந்தது. நாடுகளுக்காக ஜெபித்தார். மழைக்காக ஜெபித்தார். கடைசியில், வழிதவறிய மனைவிக்காக உருகினார்.

“ஸ்தோத்திரம்.”

ஒரு முனகல்.

“ஸ்தோத்திரம்.”

முனகல் ஏறியது. எதிரே நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டாளா? மேசையைச் சுற்றி வருகிறாளா? ஆலோசகரின் இறையியல் பாதி நடுங்கியது. உளவியல் பாதி திருட்டுத்தனமாக ஒரு கண்ணைத் திறந்தது.

அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. யாராவது ஒருவர் கண்ணைத் திறக்க மாட்டாரா என்று ஆறு மாதமாகக் காத்திருந்தவள்போல், கண்ணீர் வழிய அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இமைகளை இறுக மூடியிருந்த மூப்பர், அடுத்த ‘ஸ்தோத்திரம்’ சொல்லிக்கொண்டே, வீங்கிக் கறுத்திருந்த அவள் மோதிர விரலை இன்னும் ஒரு நூல் பின்னால் வளைத்தார்.

ஆலோசகர் இன்னொரு கண்ணையும் திறந்தார்.