உத்தரத்தில் ஒரு விரிசல்

"ஒரு கையெழுத்துதானே மாப்பிள்ளை, போட்டுவிடுங்க" என்றார் மாமனார், மூன்றாவது முறையாக.

கட்டட ஆய்வாளர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மேஜையில் புதுக் கட்டடத்தின் கோப்பு கிடந்தது. நாளை மறுநாள் திறப்பு. நானூறு பேர் வருவார்கள்.

"உத்தரத்துல விரிசல் இருக்கு மாமா."

"முடி கனம்கூட இல்ல. பூச்சு வெடிச்சிருக்கும்."

"இருக்கலாம். எனக்கும் உறுதியாத் தெரியல. சோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும்."

"என் பொண்ணை உங்களுக்குக் கொடுத்தப்போ நான் இவ்வளவு சோதனை பண்ணல."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பாவைத் தலைகுனிய வச்சிட்டு வீட்டுப்பக்கம் வராதீங்க" என்று மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள். அதன் பிறகு அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, 'இயேசுவே, பயமா இருக்கு' என்று ஜெபித்துப் பார்த்திருந்தார். பதில் எதுவும் வரவில்லை.

இப்போது கோப்பில் 'அனுமதி மறுக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மாமனார் எழுந்தார்.

"சபையே ஏழு வருஷம் ஜெபம் பண்ணிக் கட்டின ஆலயம். ஞாயித்துக்கிழமை பிரசங்க பீடத்துல ஏறி நான் என்ன சொல்றது, போதகர் மருமகனுக்கே விசுவாசம் இல்லைன்னா? கர்த்தர் காப்பாத்துவாருன்னு நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு மாமா. அதுக்குத்தான் என்னை இந்த நாற்காலியில உட்கார வச்சிருக்காருன்னு நினைக்கிறேன்."

மாமனார் வெளியேறினார். ஆலயத்துக்குச் சீல் வைக்க ஆள் அனுப்பலாம். ஆய்வாளர் அனுப்பவில்லை. பூட்டையும் அரக்கையும் எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். இன்று எங்கே படுப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.