ஓரத்தில் இருந்த பெயர்

பிளெஸ்ஸியின் கோடிங்கில் ஓர் இடைவெளி பிசகினாலும் டீம் லீட் தில்லைநாதன் எல்லோர் முன்னாலும் அவள் மானத்தை வாங்குவார். எல்லோருடைய கோடிங்கையும் தானாகவே ஒரே சீராக்கும் டூலைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவளிடம் வந்தது. யாருக்கும் வளைந்துகொடுக்காத ஒன்றாகப் பார்த்து எடுத்தாள்.

"நான் எழுதினத மட்டும் விட்டுடும்மா," என்றார் தில்லைநாதன்.

"அதுக்கு இதுல வழியே இல்ல சார்."

ஒரே தட்டலில் எல்லாம் மாறியது. ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயர்தான் அதன் ஓரத்தில் நிற்கும்; அவர் எழுதிய ஒவ்வொரு வரியிலும் அவர் பெயர் போய் அவள் பெயர் வந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் வாடிக்கையாளரின் இணையதளம் படுத்துவிட்டது. காரணம், தில்லைநாதன் என்றோ செய்துவைத்த பிழை. மேனேஜர் அந்த வரியைப் பெரிய திரையில் போட்டார்.

"யாரு எழுதினது இது?"

ஓரத்தில் இருந்த பெயர் எல்லோருக்கும் தெரியும்படி, தில்லைநாதன் தன் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டார்.