எனாக் எடுத்துப்போன கேமரா

“கோணியைப் பிரி,” என்றார் முதலாளி கிராட்விக்.

திங்கட்கிழமை காலை. பட்டறைக்குள் நுழையும்போதே எனாக் மாட்டிக்கொண்டான்.

கோணிக்குள் மஹாகனி மரத்தில் செய்த கேமரா. வெளியூர் டாக்டர் ஒருவருக்கு அனுப்புவதற்காக, சனிக்கிழமை அரக்கு பூசி முடித்து வைத்தது. இப்போது ஒரு மூலையில் கீறல்.

“நீ செஞ்சதுதானே இது?”

“ஆமாங்கய்யா. மரம் அறுத்ததுலேருந்து தோல் துருத்தி ஒட்டினது வரைக்கும்.”

“செஞ்சா உன்னோடதாயிடுமா?”

எல்லோரும் உளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“அடகுக்கடையில வாங்க மாட்டேன்னுட்டான் போல,” என்றான் பாலிஷ்காரன் ஜாப்.

“அடகு வைக்கலை. ஹெஸ்டரைப் படம் எடுத்தேன்.”

ஹெஸ்டர் அவன் மனைவி. காசநோய். மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போக முடியாது. வீட்டுக்கு வந்து எடுக்க ஒரு வாரக் கூலி கேட்கிறார்கள். பதினெட்டு வருஷமாகக் கேமரா செய்கிறவன் வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை.

முதலாளி முகம் இளகியது.

“ஏம்ப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா லென்ஸோட சேர்த்துக் குடுத்திருப்பேனே. நானும் மனுஷன்தானே?”

எனாக் அவரையே பார்த்தான். “அப்படிங்களா,” என்றான்.

அந்தத் தொனி அவருக்குச் சுருக்கென்றது.

“எடுத்துட்டுப் போனதுமில்லாம, நக்கல் வேறயா? போலீசுக்குச் சொல்லாம விடறேன். உன் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

நான் மேஸ்திரி என்பதால், அவனை வெளியே கொண்டுபோய் விடும் வேலை என் தலையில் விழுந்தது.

லண்டன் ஹாக்னி தெருவில் மழை. குதிரை வண்டிகள் சேறு வாரி அடித்துக்கொண்டு போயின. உளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“படம் வந்துச்சா?” என்றேன்.

“வந்துச்சு மேஸ்திரி. நான் பத்து எண்ணுற வரைக்கும் இருமாம இருன்னு சொன்னேன். அடக்கிக்கிட்டு இருந்தா. முகம் தெளிவா விழுந்திருக்கு.”

பட்டறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“எல்லார் முன்னாடியும் எவ்வளவு நல்லவராயிட்டார் பாத்தீங்களா? போன வியாழக்கிழமை நீங்க எனக்காகப் போய்க் கேமராவைக் கேட்டப்ப முடியாதுன்னவரு. அங்கேயே சொல்லியிருப்பேன். உங்களை எதுக்கு இழுத்து விடணும்னுதான் வாயைத் திறக்கலை.”

கையை நீட்டினான்.

“நீங்களாவது கேட்டீங்களே. மறக்க மாட்டேன்.”

கை குலுக்கினேன். மழையில் நடந்து போனான்.

வியாழக்கிழமை முதலாளி அறைக்கு நான் போனது நிஜம். என் மச்சானுக்கு ஒரு வேலை கேட்டேன். “இடம் காலியானா பார்க்கலாம்,” என்றார். ஒரே நாளில் இரண்டு உதவி கேட்டால் சலித்துக்கொள்வார் என்று எனாக் பேச்சை நான் எடுக்கவே இல்லை.